நார்ஃபோக் ராணுவச் சிறையும் ரிச்மண்ட் சட்டமும்: காலவரையற்ற காவலுக்குத் துணைபோக மறுத்த வர்ஜீனியா, 2012

முன்கதை: ஒரே மாநிலத்தில் இரண்டு கைதிகள்

2002 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் கடற்படைத் தளத்துச் சிறைக்கு ஓர் இளைஞர் கொண்டுவரப்பட்டார். லூசியானாவில் பிறந்ததால் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன் ஆனவர் அவர். சவூதி அரேபியாவில் வளர்ந்து, 2001 இறுதியில் ஆப்கானிஸ்தானில் பிடிபட்டு, குவான்டனாமோவுக்கு அனுப்பப்பட்டு, குடியுரிமை தெரியவந்த பிறகு அங்கிருந்து நார்ஃபோக்குக்கு மாற்றப்பட்டார். அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் பதியப்படவில்லை. ‘எதிரிப் போராளி’ என்று அரசு அவருக்குச் சூட்டிய பெயர் ஒன்றே அவரைச் சிறையில் வைப்பதற்குப் போதுமான காரணமாகக் கொள்ளப்பட்டது. 2004 பிப்ரவரி வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், வழக்கறிஞரைச் சந்திக்கவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அதே காலத்தில், அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், அதே மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா நகரச் சிறையில் வேறொருவர் இருந்தார். அவர் பிரெஞ்சுக் குடிமகன். செப்டம்பர் 11 தாக்குதலின் சதியில் பங்குகொண்டதாக 2001 டிசம்பரில் அவர்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அந்தச் சிறையை நடத்தியவர் ஷெரிஃப் எனப்படும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ச் சட்ட அமலாக்க அலுவலர். கைதிக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், நீதிபதியின் ஆணை இருந்தது, விசாரணை நடந்தது. 2005-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2006-இல் நடுவர் குழு ஆயுள் தண்டனையை முடிவுசெய்தது.

மிகக் கொடிய குற்றச்சாட்டைச் சுமந்த வெளிநாட்டவருக்கு நீதிமன்றம் திறந்திருந்தது. குற்றச்சாட்டே இல்லாத குடிமகனுக்கு அது மூடியிருந்தது. இந்த ஆய்வு, கூட்டாட்சி அரசின் விசாரணையற்ற ராணுவக் காவலுக்குத் தன் அலுவலர்கள் துணைபோகக் கூடாது என்று 2012-இல் வர்ஜீனியாவின் சட்டமன்றம் எடுத்த முடிவைப் பற்றியது என்றாலும், பத்து ஆண்டுகள் முன்பு அந்த மண்ணிலேயே நடந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அந்த முடிவின் கனத்தையும் குறையையும் அளவிட முடியாது.

நார்ஃபோக் கைதியின் தந்தை தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவே பின்னர் ‘ஹம்டி எதிர் ரம்ஸ்ஃபெல்ட்’ வழக்காக உச்ச நீதிமன்றம் சென்றது. 2004 ஜூன் 28 அன்று வந்த தீர்ப்பு, ஆப்கானியப் போர்க்களத்தில் பிடிபட்ட குடிமகனைக் காவலில் வைக்க செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதிபருக்கு ராணுவ நடவடிக்கை எடுக்க அதிகாரம் தந்த 2001-ஆம் ஆண்டின் படைப்பயன்பாட்டு அனுமதிச் சட்டம் இடம்தருகிறது என்றும், ஆனால் நடுநிலையான ஒருவர் முன் தன் காவலை எதிர்த்து வாதிடும் வாய்ப்பை அவருக்கு மறுக்கக் கூடாது என்றும் கூறியது. அமெரிக்க மண்ணிலேயே பிடிபடும் ஒருவரின் நிலை என்ன என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. சிகாகோ விமான நிலையத்தில் 2002 மே மாதம் கைதான ஒரு குடிமகனும், இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் படிக்க வந்திருந்த கத்தார் நாட்டு மாணவர் ஒருவரும் அந்தக் கேள்வியை நீதிமன்றங்களுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வழக்குகளிலும், உச்ச நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பு சொல்லும் நிலை வரும்முன் அரசு அவர்களை ராணுவக் காவலிலிருந்து சாதாரணக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டது. கேள்வி அப்படியே நின்றது.

இவ்வழக்குகளில் பெரும்பாலும் அரசின் பக்கம் நின்று தீர்ப்பளித்த, வர்ஜீனியாவை உள்ளடக்கிய நான்காவது வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அமர்வது ரிச்மண்டில். வர்ஜீனியாவின் சட்டமன்றம் கூடுவதும் அதே ரிச்மண்டில்தான். தம் வட்டாரக் கூட்டாட்சி நீதிமன்றத்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது என்பதை அறிய அந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள் தொலைவில் தேடவேண்டியிருக்கவில்லை.

கூட்டாட்சிச் சட்டம் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

2011 டிசம்பர் 31 அன்று அதிபர் ஒபாமா 2012 நிதியாண்டுக்கான தேசியப் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 662 பில்லியன் டாலர் செலவுக்கு அனுமதி தரும் அந்தப் பெரிய சட்டத்துக்குள் 1021, 1022 என்ற இரண்டு பிரிவுகள் இருந்தன. 1021-ஆம் பிரிவு, அல்-காய்தா, தாலிபான் அல்லது அவற்றோடு சேர்ந்த படைகளின் பகுதியாக இருந்தவர்களை மட்டுமல்லாமல் அவற்றைக் ‘கணிசமாக ஆதரித்தவர்களையும்’, போர் முடியும்வரை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டு என்று உறுதிசெய்தது. போர் எப்போது முடியும் என்று சொல்லக்கூடியவர் எவரும் அப்போது இல்லை. 1022-ஆம் பிரிவு அல்-காய்தாவைச் சேர்ந்த ஒரு வகையினரை ராணுவக் காவலில் வைப்பதையே கட்டாயமாக்கியது. ஆனால் அந்தக் கட்டாயம் குடிமக்களுக்குப் பொருந்தாது என்றது.

குடிமக்களை 1021-இலிருந்தும் வெளிப்படையாக விலக்க செனட்டில் முயற்சி நடந்தது. அது கைகூடாதபோது, 2011 டிசம்பர் 1 அன்று 99-க்கு 1 என்ற கணக்கில் ஒரு சமரச வாசகம் சேர்க்கப்பட்டது: குடிமக்கள், சட்டப்படி வசிப்போர், அமெரிக்காவில் கைதாகும் பிறர் ஆகியோரின் காவல் தொடர்பாக ஏற்கெனவே உள்ள சட்டத்தை இப்பிரிவு மாற்றவில்லை என்பது அதன் பொருள். ஏற்கெனவே உள்ள சட்டம் எது என்பதில்தான் பத்து ஆண்டுகளாக வழக்கு நடந்திருந்தது. தீராத வழக்கொன்றைச் சுட்டிக்காட்டி ‘அதில் உள்ளபடியே’ என்று எழுதிவைப்பது, இரு தரப்பும் தம் பக்கமே வென்றதாகச் சொல்லிக்கொள்ள உதவுமே தவிர, பிடிபட்டவருக்கு உதவாது.

கையெழுத்திட்டபோது அதிபர் வெளியிட்ட அறிக்கை, தம் நிர்வாகம் அமெரிக்கக் குடிமக்களை விசாரணையின்றிக் காலவரையற்ற ராணுவக் காவலில் வைக்க அனுமதிக்காது என்று கூறியது. அது அவருடைய நிர்வாகத்தின் வாக்குறுதி. அடுத்து வருபவரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை.

‘ஆதரவு’ என்ற சொல் எவ்வளவு நீளக்கூடியது என்பதைத் தமிழ் வாசகர்கள் வேறொரு வழக்கின் மூலம் அறிந்திருக்கலாம். 1021-ஆம் பிரிவுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட இயக்கங்களான குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அமைதிவழியில் பிணக்குகளைத் தீர்க்கப் பயிற்சி தருவதுகூட, வேறொரு சட்டத்தின்கீழ் குற்றமாகும் ‘பொருள்சார் ஆதரவு’ என்ற வரையறைக்குள் வரும் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்திருந்தது. அச்சட்டத்தின்படியாவது குற்றச்சாட்டும் விசாரணையும் உண்டு. 1021-இல் அவையும் இல்லை.

மாநிலத்தின் கையில் இருந்தது என்ன

அமெரிக்க அரசமைப்பின்படி கூட்டாட்சிச் சட்டமே மேலானது. அதைச் செல்லாது என்று அறிவிக்க ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. 1859-இல் விஸ்கான்சின் வழக்கிலும், 1958-இல் ஆர்கன்சா பள்ளி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லியிருக்கிறது.

ஆனால் செல்லாது என்று அறிவிப்பதும் துணைபோகாமல் இருப்பதும் வேறு வேறு. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் கடமையைக் கூட்டாட்சி அரசு தன் அலுவலர்களைக் கொண்டே நிறைவேற்றிக்கொள்ளட்டும், மாநில நீதிபதிகளையும் சிறைகளையும் அதற்குக் கொடுக்கமாட்டோம் என்று 19-ஆம் நூற்றாண்டில் வடமாநிலங்கள் சட்டம் இயற்றின. 1997-இல் ‘பிரின்ட்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கொள்கையைத் தெளிவாக வகுத்தது: கூட்டாட்சித் திட்டமொன்றை நிறைவேற்றும்படி மாநில அலுவலர்களுக்குக் கட்டளையிட வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் கவுண்டிகளின், அதாவது மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதிகளின், ஷெரிஃபுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில் இதற்குப் பொருள் உண்டு. கூட்டாட்சி முகமைகள் உள்ளூர்க் காவல்துறையின் கண்களையும் உள்ளூர்ச் சிறைகளின் படுக்கைகளையும் நாள்தோறும் பயன்படுத்துகின்றன. அலெக்ஸாண்ட்ரியா சிறையே அதற்குச் சான்று. தகவல் திரட்டல், கைது, முதல் இரவுக்கான காவல், சாலைவழிப் போக்குவரத்து, வழக்கமாக மாநில ஆளுநரின்கீழ் இயங்கும் தேசியக் காவல்படையின் ஆள்பலம் ஆகிய ஒவ்வொன்றிலும் மாநிலத்தின் கை இருக்கிறது. நார்ஃபோக் தளத்தின் கதவைத் திறக்க மாநிலத்தால் முடியாது. அந்தக் கதவுவரை ஒருவரைக் கொண்டுசேர்க்கும் வேலையில் பங்கெடுக்காமல் இருக்க முடியும்.

வர்ஜீனியாவில் இந்த வாதத்தை முன்வைப்போருக்கு ஒரு சங்கடமும் இருந்தது, அதை மறைப்பது நேர்மையாகாது. 1776 ஜூன் 12-இன் வர்ஜீனிய உரிமைப் பிரகடனமும், வெளிநாட்டவர், ராஜதுரோகம் பற்றிய கூட்டாட்சிச் சட்டங்களை எதிர்த்த 1798-இன் தீர்மானமும் இம்மாநிலத்தின் பெருமைகள். அதே மாநிலம்தான் 1956-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்து, இதே ‘மாநில உரிமை’ மொழியில் தீர்மானம் நிறைவேற்றியது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, கறுப்பினக் குழந்தைகளோடு வெள்ளைக் குழந்தைகள் படிக்கக்கூடாது என்பதற்காக 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே மூடிவைத்தது. ஆகவே ஒரு மாநிலம் ‘வாஷிங்டனுக்குப் பணியமாட்டோம்’ என்று சொல்லும்போது, யாருடைய உரிமையைக் காக்க அதைச் சொல்கிறது என்று கேட்பது கேட்பவரின் கடமை. 2012-இல் அந்தக் கேள்விக்கு நல்ல விடை இருந்தது: காக்கப்படவேண்டியது காவலில் வைக்கப்படுபவரின் உரிமை.

முடிவுகள்: ஜனவரி முதல் ஏப்ரல் 2012 வரை

எதிர்ப்பு முதலில் உள்ளாட்சிகளிலிருந்து வந்தது. கொலராடோவின் எல் பாசோ கவுண்டி, கூட்டாட்சி மசோதா சட்டமாகும் முன்பே, 2011 டிசம்பரில் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பழமைவாதச் சார்பு மிக்க கவுண்டி அது. மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டன் நகரவை 2012 பிப்ரவரியில் அதே வழியில் சென்றது. அது இடதுசாரிச் சார்புடைய கல்லூரி நகரம். வேறெதிலும் உடன்படாத இரண்டு ஊர்கள் இதில் உடன்பட்டன. ஆனால் இவை கண்டனத் தீர்மானங்கள். எந்த அலுவலரையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அல்ல.

வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் 1160 எண்ணுள்ள மசோதாவைக் கொண்டுவந்தார். கண்டனத்தோடு நிற்காமல், மாநில அலுவலர் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் சட்டமாக அதை வடித்ததே அவர் எடுத்த முதல் முடிவு, சரியான முடிவும்கூட. 1021 செல்லாது என்று அந்த மசோதா சொல்லவில்லை. தன் ஊழியர்களுக்கு மட்டுமே கட்டளையிட்டது. அதனால் ‘பிரின்ட்ஸ்’ தீர்ப்பின் பாதுகாப்புக்குள் அது நின்றது.

பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 96-க்கு 4 என்று அதை ஏற்றது. சபையில் நூறு உறுப்பினர்கள். இரு கட்சியினரும் பெருமளவில் ஆதரித்தார்கள். அப்போது இரு கட்சிகளும் இருபதுக்கு இருபது என்று சமமாக இருந்த மாநில செனட், மசோதாவை முதலில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முனைந்து, பின் தன் முடிவையே மறுபரிசீலனை செய்து, 39-க்கு 1 என்று நிறைவேற்றியது.

ஆளுநர் அதை அப்படியே ஏற்கவில்லை. திருத்தங்களுடன் திருப்பி அனுப்பினார். ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 89-க்கு 7 என்றும், செனட் 36-க்கு 1 என்றும் அத்திருத்தங்களை ஏற்றன. 2012 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த வகையில் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் வர்ஜீனியா.

திருத்தங்களுக்குப் பிறகு நின்ற வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் இந்நிகழ்விலிருந்து கற்கவேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மாநில முகமைகள், உள்ளாட்சிகள், அவற்றின் ஊழியர்கள், மாநிலப் பணியில் இருக்கும் தேசியக் காவல்படையினர் ஆகியோர், 1021-இன்படி ஒரு குடிமகனைச் சட்டவிரோதமாகக் காவலில் வைக்கத் ‘தெரிந்தே’ துணைபோகக் கூடாது. அதுவும், அப்படித் துணைபோவது கூட்டாட்சி அரசமைப்பையோ மாநில அரசமைப்பையோ மாநிலச் சட்டங்களையோ தெரிந்தே மீறுவதாக அமையுமானால். கூட்டாட்சி முகமைகளோடு சேர்ந்து இயங்கும் கூட்டுப் பணிக்குழுக்கள், அத்தகைய காவலுக்கென்றே அமைந்தவையாக இல்லாதவரை, இத்தடைக்கு வெளியே இருக்கும்.

ஆளுநரின் தரப்பில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. பென்டகனும் மத்திய உளவு முகமையின் தலைமையகமும் வர்ஜீனியாவின் எல்லைக்குள் இருக்கின்றன. பென்டகன் 2001-இல் தாக்குதலுக்கு உள்ளான இடம். கூட்டுப் பயங்கரவாதத் தடுப்புக் குழுக்களில் பணிபுரியும் உள்ளூர்க் காவலர் ஒருவர், வழக்கமான விசாரணையில் உதவியதற்காக மாநிலச் சட்டத்தை மீறியவராகிவிடக் கூடாது என்ற கவலை உண்மையானது. எனினும் அந்தக் கவலைக்கு மருந்தாகக் கொடுத்த சொற்கள், நோயைவிட்டு உடலையே மெலியச் செய்தன என்பது என் கணிப்பு.

பிறகு நடந்தவை

நீதிமன்றப் பாதை அடைபட்டது. பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களுமாகச் சிலர் 2012 ஜனவரியில் நியூயார்க்கில் தொடுத்த ‘ஹெட்ஜஸ் எதிர் ஒபாமா’ வழக்கில், இவர்களுடைய எழுத்தும் பேச்சும் 1021-க்குள் வராது என்று உறுதி தரமுடியுமா என்று நீதிபதி கேட்டபோது, அரசு வழக்கறிஞர்கள் உறுதி தரவில்லை. அந்த மௌனமே வழக்கின் முதல் கட்டத்தைத் தீர்மானித்தது: மே மாதம் இடைக்காலத் தடை, செப்டம்பர் 12 அன்று நிரந்தரத் தடை. மேல்முறையீட்டு நீதிமன்றம் உடனே அத்தடையை நிறுத்திவைத்து, 2013 ஜூலை 17 அன்று மனுதாரர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று தள்ளுபடி செய்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. காவலில் வைக்கப்பட்ட பிறகுதான் தகுதி வரும்; அப்போது வழக்காடும் வழி திறந்திருக்குமா என்பதே ஐயத்துக்குரியது. நார்ஃபோக் கைதிக்கும் ஒரு தந்தை வெளியே இருந்ததால்தான் மனு தாக்கலானது.

காங்கிரஸ் 2013-க்கான பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தில் ஆட்கொணர்வு உரிமை மறுக்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு பிரிவைச் சேர்த்தது. குடிமக்களையும் நிரந்தரமாக வசிப்போரையும் காலவரையற்ற காவலிலிருந்து காக்கும் வகையில் செனட் 67-க்கு 29 என்று ஏற்றிருந்த திருத்தமோ, இரு அவைகளின் ஒருங்கிணைப்பில் கைவிடப்பட்டது.

வர்ஜீனியாவைத் தொடர்ந்து மற்ற மாநிலங்கள் வந்தன. அவற்றுள் கலிஃபோர்னியாவின் 351 எண்ணுள்ள மசோதா தனியே பேசத்தக்கது. கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியின் தீவிர வலதுசாரி உறுப்பினர். 2013 அக்டோபர் 1 அன்று கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர். அச்சட்டம் ‘குடிமகன்’ என்று சொல்லாமல் ‘கலிஃபோர்னியாவுக்குள் இருக்கும் நபர்’ என்கிறது. 1021, 1022-ஐ மட்டும் குறிப்பிடாமல் 2001-இன் படைப்பயன்பாட்டு அனுமதியையும் வேறு எந்தக் கூட்டாட்சிச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மாநிலப் பணத்தை இதற்குச் செலவிடவும் தடை விதிக்கிறது.

அந்த ஒரு சொல் மாற்றத்துக்குப் பின்னால் அந்த மாநிலத்தின் நினைவு இருக்கிறது என்று நான் கருதுகிறேன். 1942 பிப்ரவரி 19-இன் நிர்வாக ஆணைப்படி மேற்குக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் குடிமக்கள். அவர்களுடைய பெற்றோருக்கோ, ஆசியர்கள் என்பதற்காக, குடிமக்களாகும் வழியையே அன்றைய சட்டம் அடைத்திருந்தது. குடிமகனுக்கு மட்டும் பாதுகாப்பு என்று அன்று ஒரு சட்டம் இருந்திருந்தால், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தாயை முகாமுக்கு ஏற்றியிருக்கும்.

அமெரிக்க மண்ணில் கைதான குடிமகன் எவரையும் 1021-இன்படி ராணுவக் காவலில் வைத்ததாக இதுவரை பொதுவெளியில் தெரியவில்லை. வெளிநாட்டில் அது நடந்தது. 2017 செப்டம்பரில் சிரியாவில் பிடிபட்ட, அமெரிக்க, சவூதிக் குடியுரிமைகள் இரண்டும் கொண்ட ஒருவரை அமெரிக்கப் படை ஈராக்கில் ஓராண்டுக்கும் மேலாகக் குற்றச்சாட்டின்றி வைத்திருந்தது. தன் அதிகாரத்துக்கு அரசு காட்டிய ஆதாரங்களில் 2012 நிதியாண்டின் பாதுகாப்பு அனுமதிச் சட்டமும் ஒன்று. நீதிமன்ற ஆவணங்களில் அவர் பெயரற்றவராகவே குறிக்கப்பட்டார். ஆட்கொணர்வு மனு நிலுவையில் இருக்கும்போதே, 2018 அக்டோபரில் பஹ்ரைனில் விடுவிக்கப்பட்டார். இந்த முறையும் அடிப்படைக் கேள்விக்குத் தீர்ப்பு வரவில்லை.

மறுபடி எழுதுவதானால்

வர்ஜீனியாச் சட்டத்தை இன்று ஒரு மாநிலம் முன்மாதிரியாகக் கொள்ளுமானால், முதலில் ‘குடிமகன்’ என்ற சொல்லை ‘நபர்’ என்று மாற்ற வேண்டும். பியோரியாவில் குற்றவியல் விசாரணையை எதிர்நோக்கியிருந்த நிலையில் 2003 ஜூனில் ராணுவச் சிறைக்கு மாற்றப்பட்டு, 2009 வரை வெளிவராத அந்த மாணவரை வர்ஜீனியாவின் வாசகம் தொட்டிருக்காது. அமெரிக்க மண்ணில் கைதானவர்களுள் மிக நீண்டகாலம் குற்றச்சாட்டின்றி ராணுவக் காவலில் இருந்தவர் அவர்.

அடுத்ததாக, ‘சட்டவிரோதமான காவலுக்குத் தெரிந்தே துணைபோகக் கூடாது’ என்ற நிபந்தனை நீங்க வேண்டும். இது கலிஃபோர்னியாவின் சட்டத்திலும் வேறு வடிவில் இருக்கும் குறை. இரவு இரண்டு மணிக்குச் சிறை வாசலுக்கு ஒரு கைதி கொண்டுவரப்படும்போது, பணியில் இருக்கும் காவலரிடம், பல ஆண்டுகளாக உச்ச நீதிமன்றம் விடைசொல்லாத அரசமைப்புக் கேள்விக்கு விடை காணும்படி கேட்பது பொருளற்றது. ஐயம் வந்தால் அவர் கூட்டாட்சி அதிகாரி சொல்வதைத்தான் நம்புவார், நம்பியது ‘தெரிந்தே’ செய்ததாகாது என்ற பாதுகாப்பும் அவருக்கு இருக்கும். காவலர் தம் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஒன்றையே சட்டம் கேட்க வேண்டும்: நீதிபதி கையெழுத்திட்ட ஆணையோ, நீதிமன்றத்தில் பதிவான குற்றச்சாட்டோ இருந்தால் கதவைத் திறக்கலாம், இல்லையென்றால் கூடாது. அலெக்ஸாண்ட்ரியா சிறை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக மிகக் கடினமான ஒரு கைதியை வைத்திருந்தது அத்தகைய தாளின் பேரில்தான்.

கூட்டுப் பணிக்குழுக்களுக்கான விலக்கை முழுவதும் நீக்குவது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அக்குழுவில் பணிபுரியும் மாநில அலுவலர் கைதில் பங்கெடுத்த ஒருவர் பின்னர் ராணுவக் காவலுக்கு மாற்றப்பட்டால், அந்த அலுவலரின் துறை அதை 48 மணி நேரத்துக்குள் மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கும், கைதானவரின் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கலாம். மனு போட ஒருவர் வெளியே இருக்க வேண்டும். அவருக்குத் தம்மவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.